மகனுக்கு வரும் உதவித்தொகை நின்றுவிட்டால்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில், சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதிக் கொடுப்பேன். என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பும் உண்டு. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை ஆனால் கடை வாசலில் என்னைப் போன்ற அப்பா அம்மாக்கள் நிற்பார்கள், கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், எல்லாரிடமும் நின்று பேச முடியவில்லை என்பதால் எழுதிவைக்கிறேன். பிள்ளை என்று நான் சொல்வது 18 வயது தாண்டிய பிள்ளைகளை. எத்தனை வயதானாலும் நமக்கு அவன் பிள்ளைதான், ஆனால் சட்டத்துக்கும் பேங்குக்கும் அப்படி இல்லை, பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அண்ணாச்சி, இந்தப் பணம் எந்த ஆபீஸ்ல இருந்து வருது? ஓஏபி பணமா, வேறயா?

நம் பக்கத்தில் மாதாமாதம் அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் ஓஏபி பணம், அதாவது முதியோர் பென்ஷன், என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு தனித்தனிப் பணம் இருக்கிறது. ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000 ரூபாய். அறிவுசார் குறைபாடு என்றால் சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால் போதும், கை கால் பாதிப்பு போன்றவற்றுக்கு 75 சதவீதம் வேண்டும். தசைச்சிதைவு நோய் உள்ளவர்களும் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களும் இதில்தான் வருவார்கள்.

இன்னொன்று வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1000 ரூபாயிலிருந்து 1500 ஆனது. இதைப் பார்ப்பது தாலுகா ஆபீஸில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். ஒரே ஆள் இரண்டையும் வாங்க முடியாது.

பாஸ்புக்கில் வரவு எவ்வளவு என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் தப்பான ஆபீஸில் மூன்று மாதம் மனு கொடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலங்குளம், கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள் 2019 நவம்பர் 22-லிருந்து தென்காசி மாவட்டம். பழைய ஞாபகத்தில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே பஸ் ஏறி வந்துவிடாதீர்கள்.

நல்லா வந்துகிட்டு இருந்த பணம் திடீர்னு நின்னுட்டு. யாரும் ஒண்ணும் சொல்லல. ஏன்?

நிறுத்துகிறோம் என்று ஒரு கடிதம் வந்து நின்றதாக என்னிடம் இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. சத்தமில்லாமல்தான் நிற்கும். பாஸ்புக்கில் பதிவு போட மிஷினில் வைத்தால் நாலைந்து மாதமாக வெறும் வட்டி மட்டும் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் மனது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், நம் பிள்ளையை யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலும் யாரும் உங்கள் பிள்ளையைப் பார்த்து முடிவெடுத்து நிறுத்தியிருக்க மாட்டார்கள், ஏதோ ஒரு காகிதம் விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரு நம்பர் மாறியிருக்கும். அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உயிர்வாழ் சான்று. வருடத்துக்கு ஒரு தடவை, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று விஏஓ கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். எழுதவே கசப்பான பெயர், ஆனாலும் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததற்கு ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்தேன் என்று வாயால் சொன்னால் செல்லாது.

அடுத்தது பேங்க் கணக்கு. இரண்டு வருடம் நாமாக எதுவும் போடாமல் எடுக்காமல் விட்டால் கணக்கு முடங்கிவிடலாம். கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி ஆவணம், கேட்டுக் கொடுக்காவிட்டாலும் அப்படித்தான். பிள்ளையின் எதிர்காலத்துக்கு என்று தொடாமல் சேர்த்து வைக்கிற பெற்றோருக்குத்தான் இது நடக்கிறது, அதனால் நூறு ரூபாயாவது அவ்வப்போது எடுங்கள்.

மூன்றாவது, ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கே பணம் போய்விடும். முக்கூடலிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், பீடி சுற்றுகிறவர்கள். ஜவுளிக்கடை மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து மேஜையில் விரித்துவைத்து, கடைசி வரவு இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்கள், 11 மாதத்துக்கு முந்தைய தேதி. மகன் பக்கத்தில் நின்று என் ஸ்டேப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆதார் இணையதளத்தில் பேங்க் இணைப்பு நிலையைப் பார்த்தால் வேறொரு பேங்க் பெயர் வருகிறது. ஊரில் எப்போதோ ஒரு முகாமில் மகன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள், அந்த அம்மாவுக்கு அது மறந்தே போய்விட்டது. அந்தக் கணக்கில் 22,000 ரூபாய் அப்படியே கிடந்தது. பதினோரு மாதமாக இரண்டு வட்டிக்கடையில் கடன் வாங்கியிருந்தார்கள். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது, ஆதாரில் சேர்த்த போன் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

பிள்ளைக்கு 18 ஆயிட்டு. பழைய சர்டிபிகேட் செல்லுமா?

இதில்தான் நான் ஏமாந்தேன். என் மகனுக்கு 11 வயதில் வாங்கிய சான்றிதழை லேமினேட் பண்ணி பத்திரமாக வைத்திருந்தேன். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு விதிகளின்படி அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5 வயது, 10 வயது, 18 வயது என்று புதுப்பிக்க வேண்டும், 18-ல் வாங்குவதுதான் ஆயுளுக்கும் செல்லும். தினம் நாலு பேருக்குச் சான்றிதழ் நகல் எடுத்துக் கொடுக்கிற எனக்கே இது தெரியாது. 8 மாதம் பணம் வரவில்லை. புதுச் சான்று கொடுத்த பிறகு மறுபடி வந்தது, அந்த 8 மாதப் பணம் வரவே இல்லை, நானும் அப்போது எழுத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள், புதுச் சான்று கொடுக்கும்போதே நிலுவைத் தொகையையும் சேர்த்துக் கேட்டு ஒரு மனு வையுங்கள்.

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு மதிப்பீட்டுக்குப் போகும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மனநல நிபுணர் பிள்ளையிடம் மட்டும் கேட்கமாட்டார், தானாகக் குளிக்கிறானா, சட்டைப் பொத்தான் போடுகிறானா, காசு எண்ணத் தெரியுமா, தனியாகக் கடைக்குப் போய் வருவானா என்று நம்மிடமும் கேட்பார். நாம் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், எல்லாம் செய்வான் சார் என்று சொல்லிவிடுகிறோம். என் மனைவி அப்படித்தான் சொன்னாள். குளிப்பான், சரி, ஆனால் தண்ணீர் மோந்து கொடுத்து, பக்கத்தில் நின்று, காதுக்குப் பின்னால் தேய் என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் குளிப்பான். அதைச் சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் லேசான பாதிப்பு 50 சதவீதம், நடுத்தரம் 75, கடுமை 90, மிகக் கடுமை 100 என்று போடுவார்கள்.

சதவீதத்தைக் குறைச்சுப் போட்டுட்டாங்கன்னா?

மேல்முறையீடு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59. ஆஸ்பத்திரியில் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை, மறு மதிப்பீடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், கூடவே பழைய சான்றுகள், சிறப்புப் பள்ளி ரிப்போர்ட், மருந்துச்சீட்டு எல்லாவற்றின் நகலும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம், 75-க்குக் கீழே வந்தால் 2000 ரூபாய் திட்டத்திலிருந்து விழுந்து 1500 ரூபாய் திட்டத்துக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மூளை முடக்குவாதத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தால் இரண்டையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் எழுதிவிட்டு விடுவது நடக்கிறது.

கைரேகை விழமாட்டேங்குதுன்னு திருப்பி அனுப்புதாங்க. என்னத்தச் செய்ய?

விரல் விறைத்துப்போன பிள்ளையின் கையை விரித்து மிஷினில் அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன், பிள்ளை அழுகிறான், மிஷின் சிவப்பு காட்டுகிறது, மறுபடி அமுக்குகிறார்கள். பீடி சுற்றிச் சுற்றி அம்மாக்களுக்கும் ரேகை தேய்ந்துபோயிருக்கும், அவர்களுக்கும் விழாது. கைரேகை விழாவிட்டால் கருவிழி இருக்கிறது, முகப் பதிவு இருக்கிறது, அதைக் கேளுங்கள். முகம் பதியும்போது கண்ணைச் சிமிட்டு என்றால் நம் பிள்ளைகளுக்குப் புரியாது, அதற்கும் வழி இருக்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்குக் கேஒய்சி நடைமுறையை மாற்றியமைக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது, டிஜிட்டல் வசதி கிடைப்பது வாழும் உரிமையில் சேர்ந்தது என்றும் சொல்லியிருக்கிறது. பேங்கில் மேனேஜரிடம் அந்தத் தேதியைச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

அரசாங்கம் இந்தப் பணத்தைக் குறைக்கப் போகுதுன்னு வாட்ஸப்ல வருதே, உண்மையா?

அப்படி ஒரு ஆணையை நான் பார்க்கவில்லை. வாட்ஸப்பில் வருவதை வைத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், ஆணை எண்ணும் தேதியும் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், ஏற்கனவே பயந்துபோய் இருக்கிற பெற்றோர்தான் அதைப் படிக்கிறார்கள்.

ஆனால் குறைப்பு என்பது ஆணை போட்டு மட்டும் வருவதில்லை. 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்புள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத்தில் கொடுக்கும் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-லிருந்து அதே 300 தான். அன்றைக்கு 300 ரூபாய்க்கு வாங்கிய அரிசியும் எண்ணெயும் இன்றைக்கு வருமா? தொகையைத் தொடாமலே வைத்திருப்பதும் குறைப்புதான். மீதியை மாநில அரசு போடுவதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

2016 சட்டத்தின் 24-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், மற்றவர்களுக்கு இருக்கும் அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 2023-ல் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனது. 1200-க்கு 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1500. அதாவது சட்டம் சொல்லும் கடைசி எல்லையில் நிற்கிறோம், ஒரு ரூபாய்கூட அதற்கு மேல் இல்லை. நாளைக்கு முதியோர் தொகையைக் கூட்டினால் நம் பிள்ளைகளின் தொகையும் கூட வேண்டும், கூட்டாவிட்டால் கேட்கலாம், அது சலுகை கேட்பது ஆகாது. பக்கத்தில் ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாதம் 6000 கொடுக்கிறார்கள், தெலங்கானாவில் 2023-லிருந்து 4016. ஆந்திராவில் மறு பரிசோதனை என்று 2025-ல் நிறையப் பேருக்கு நோட்டீஸ் போனது, அதையும் சொல்ல வேண்டும். தொகை கூடக்கூடச் சோதனையும் கூடும், அதனால் காகிதங்கள் கையில் சரியாக இருக்கட்டும்.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். வலிப்பு மாத்திரை பெரியாஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது, ஸ்டாக் இல்லாத மாதம் வெளியில் வாங்க வேண்டும். மாதம் இரண்டு தடவையாவது ஆட்டோ, ஏனென்றால் கூட்டமான பஸ்ஸில் அவனுக்குப் பதற்றம் வந்துவிடும். டயப்பர் ராத்திரிக்கு மட்டும் போடுகிறோம். இவ்வளவுக்குமே 2000 போய்விடும், சாப்பாட்டுக்கு இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் என் மனைவி தையல் வேலையை விட்டாள், அந்த வருமானத்தை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. அதே 24-வது பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பவர் படி கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அந்தப் படியையும் சேர்த்துக் கேட்டு மனு கொடுங்கள்.

அவனுக்குப் பணம் வருதுன்னு சொல்லி எனக்கு மகளிர் உரிமைத் தொகை இல்லைன்னுட்டாங்க.

2023-ல் திட்டம் தொடங்கியபோதே, பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் பிள்ளை இருக்கிற குடும்பத்துப் பெண்கள், மற்ற தகுதிகள் சரியாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அரசு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.

மனு எப்படி எழுதணும்? நிறைய எழுதினா நல்லதா?

வேண்டாம். உங்கள் கஷ்டம் முழுவதையும் நாலு பக்கம் எழுதினால் படிக்கிறவர் கண் முதல் பத்தியோடு நின்றுவிடும். பிள்ளையின் பெயர், யுடிஐடி எண் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் எண்), எந்தத் திட்டம், கடைசியாகப் பணம் வந்த மாதம், எந்த மாதத்திலிருந்து நின்றது, ஏன் நின்றது என்று எழுத்தில் காரணம் வேண்டும், நின்ற மாதங்களுக்கான நிலுவையும் வேண்டும். இவ்வளவுதான், ஒரு பக்கம். பாஸ்புக் பக்கத்தின் நகலை இணைத்து, நின்றுபோன இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். மனு ரசீது எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நேரில் வர முடியாதவர்கள் 1100-க்குப் போன் செய்து பதிவு செய்யலாம்.

ஒரு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் மகனின் கோப்பில் உதவித்தொகையை நிறுத்திய குறிப்பின் நகலும், நிறுத்த ஆணையிட்டவரின் பதவியும், தேதியும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நான் பார்த்தவரை பல பேருக்குப் பதில் வருவதற்கு முன்னால் பணம் வந்துவிட்டது. அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், அவருக்கு விசாரணையில் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு, ஸ்பீட் போஸ்டில் புகார் அனுப்பலாம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாற்றுத்திறனாளி என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987-ம் வருடச் சட்டத்தில் இருக்கிறது, புரோக்கர் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

2023 வெள்ளத்துல எல்லா பேப்பரும் போயிட்டு.

அந்த டிசம்பர் 17, 18-ல் என் கடையிலும் தண்ணீர் ஏறியது, எத்தனையோ பேருடைய நகல்கள் கூழாகிவிட்டன. யுடிஐடி கார்டை இணையத்தில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், எண் மறந்தாலும் ஆதாரை வைத்து எடுக்கலாம். எடுத்ததும் உங்கள் போன், மகள் போன் இரண்டிலும் போட்டுவையுங்கள்.

பேங்க்ல கார்டியன் சர்டிபிகேட் கேட்காங்க. பெத்த தாய்க்கு எதுக்கு சர்டிபிகேட்?

நானும் ஒரு பேங்க் கவுன்டரில் நின்று இதையேதான் கேட்டேன், கோபமாக. 18 வயது முடிந்தால் சட்டப்படி அவன் தனி ஆள், பெற்றவர் என்பதற்காகத் தானாகக் காப்பாளர் ஆக முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன் கீழ், கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர் குழு காப்பாளர் சான்று தரும். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி, அதனால் பிள்ளைக்கு 18 முடிந்த வாரமே கொடுத்துவிடுங்கள், தேவை வந்த பிறகு ஓடினால் காத்திருக்க வேண்டும். அதுவரை பணத்தைப் பேங்க் முடக்கி வைத்திருந்தால் அதற்கும் தனியாக எழுதிக் கேளுங்கள்.

எங்களுக்குப் பிறகு அவன் கதி?

இந்தக் கேள்வியை யாரும் பிள்ளை முன்னால் கேட்பதில்லை. அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து மெதுவாகக் கேட்பார்கள். எனக்கும் 58 ஆகிவிட்டது, எனக்கும் இதே கேள்விதான், எனவே நான் செய்திருப்பதைச் சொல்கிறேன்.

பீடித் தொழிலில் பிஎஃப் பிடித்தம் உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு பிஎஃப் நம்பர் இருக்கிறது. 1995 ஓய்வூதியத் திட்டத்தில், பிஎஃப் உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் ஓய்வூதியம், ஆனால் நிரந்தரமாக, முழுமையாக ஊனமுற்ற மகனுக்கோ மகளுக்கோ வயது வரம்பு கிடையாது. குடும்ப விவரத்தில் பிள்ளையின் பெயர் சரியாக இருக்கிறதா, ஆதாரில் உள்ள மாதிரியே எழுத்து இருக்கிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்துங்கள், அம்மா போன பிறகு பெயர்த் திருத்தம் செய்ய அந்தப் பிள்ளையால் முடியாது. அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்களும் குடும்ப ஓய்வூதியத்துக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயரை, தாங்கள் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பதிவு செய்யலாம்.

நானும் மனைவியும் காப்பாளர் சான்று வாங்கியிருக்கிறோம், எங்களுக்குப் பிறகு மகள் விண்ணப்பிப்பாள் என்று அவளிடமும் மாப்பிள்ளையிடமும் உட்காரவைத்துப் பேசிவிட்டோம். பேசுவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு நோட்டில் எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன், உயிர்வாழ் சான்று எந்த மாதம் கொடுக்க வேண்டும், மாத்திரை பெயர், எந்த டாக்டர், எந்தக் கணக்கு, வலிப்பு வரும் முன் இடது கைக் கட்டைவிரலை மடக்குவான் என்பது வரை. உறவு யாரும் இல்லாதவர்கள் இல்லம் பார்க்கும்போது பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஆய்க்குடியில் 1981-லிருந்து நடக்கும் அமர் சேவா சங்கம் மாதிரி, மாற்றுத்திறனாளிகளே தொடங்கி நடத்துகிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால், மற்ற இடங்களில் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை மனு கொடுக்க அவனையும் கூட்டிட்டு வரணுமா?

முதல் தடவை தேவையில்லை. வெயிலில் வரிசையில் நிற்கவைத்து அவனைச் சிரமப்படுத்த வேண்டாம், காப்பாளர் விண்ணப்பத்துக்கும் மருத்துவ மதிப்பீட்டுக்கும் மட்டும் அவன் நேரில் வந்தால் போதும். நீங்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். பாஸ்புக்கில் அன்றைய தேதி வரை பதிவு போட்டுக்கொண்டு வாருங்கள், யுடிஐடி, ஆதார், ரேஷன் கார்டு மூன்றிலும் இரண்டிரண்டு நகல். கூட்டி வந்தே ஆக வேண்டும் என்றால் என் கடையில் உட்காரவைத்துவிட்டுப் போங்கள், என் மகனும் அங்கேதான் இருப்பான்.